மச்சான் வாங்கிய தண்ணீர்ப் பெட்டி

பங்குனி வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு காலையில் பெரியதம்பி என் கடைக்குள் வந்து, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

"அக்கா, கம்ப்யூட்டர் சூட்டைத் தணிக்கிறதுக்கு எது ஒசத்தி? தண்ணியா, காத்தா?"

செஞ்சி காந்தி பஜாரில் கம்ப்யூட்டர் விற்றும் பழுது பார்த்தும் வாழ்கிறவள் நான். பெயர் ஜெயக்கொடி. இந்தக் கேள்வியை விளையாட்டுப் பைத்தியம் பிடித்த காலேஜ் பிள்ளைகள் கேட்டால் ஆச்சரியப்பட மாட்டேன். பெரியதம்பி கேட்டதுதான் விசித்திரம். போன கோடை முழுக்கக் கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி வைத்துவிட்டு, எதிரில் டேபிள் ஃபேனை ஓடவிட்டு வேலை செய்தவர் அவர். நல்ல ஃபேனாக ஒன்று மாட்டிக்கொள் என்று நான் சொன்னபோது, வியாபாரத்துக்காகச் சொல்கிறேன் என்று என்னோடு சண்டைக்கு வந்தவர்.

இருந்தாலும் கேட்டவருக்குப் பதில் சொல்ல வேண்டும். "காத்துன்னா, பிராசசர் மேல தகடு தகடா ஒரு கட்டு இருக்கும், அதுக்கு ஒரு ஃபேன். தண்ணின்னா, சின்ன பம்ப் ஒண்ணு தண்ணியைச் சுத்த விடும். தண்ணி சூட்டை வாங்கிக்கினு போய் ரேடியேட்டர்ல விடும். அங்கயும் ஃபேன்தான். எப்படிப் போனாலும் சூடு கடைசியில ரூம் காத்துலதான் போய்ச் சேரணும். உன் ரூமே அடுப்பா இருந்தா ரெண்டும் ஒண்ணுதான்பா."

அவர் காதில் எதுவும் ஏறவில்லை. கண்ணாடி அலமாரியைப் பார்ப்பது போல வேறு பக்கம் திரும்பிக்கொண்டு, "எழிலன் வெச்சிருக்கிறது எது?" என்றார்.

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அவர் கேட்க வந்த கேள்வியே அதுதான்.

பெரியதம்பி வீட்டு பிளான் வரைகிறவர். ஐ.டி.ஐ.யில் வரைபடம் படித்துவிட்டு, மணிக்கட்டில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வியர்வை தாளில் விழாமல் கையால் வரைந்து தொழிலுக்கு வந்தவர். அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. அவருடைய முதல் கம்ப்யூட்டரை விற்றவள் நான்தான். திருவண்ணாமலை ரோட்டில் பச்சையும் ஆரஞ்சுமாக முகப்பு வைத்து நிற்கிற வீடுகளில் பாதி அவர் போட்டவை. இந்த 'பாதி' என்ற வார்த்தைதான் அவருக்குப் பிடிக்காது. மீதிப் பாதியில் எந்த வீட்டைத் தாண்டிப் போனாலும் வண்டியை மெதுவாக்கிவிடுவார். "அந்தப் படியில ஏறினா தலை இடிக்கும், பாத்துக்கினே இரு" என்று பின்னால் உட்கார்ந்திருக்கும் மனைவியிடம் சொல்லுவார். புதுமனை புகுவிழாவுக்குப் போனால் சாப்பிடுவதற்கு முன்னால் குளியலறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்ப்பார். தப்பாகத் திறந்தால் அன்றைக்குச் சாப்பாடு அவருக்கு ருசிக்கும்.

நான் அவரைக் குறை சொல்லவில்லை. எதிர்த்த வரிசையில் புதிதாகக் கடை போட்டவனின் விளக்குப் போர்டைப் பார்க்கும்போது எனக்கும் வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் நான் கதவைச் சாத்திக்கொண்டு எரிகிறவள். பெரியதம்பிக்கு முகத்திலேயே தெரிந்துவிடும்.

இத்தனை பேருக்கு வீடு போட்டவர் இருப்பது வாடகை வீட்டில். கீழே குடும்பம், மாடியில் தகரக் கூரை போட்ட ஒரு அறை. வருகிறவர்கள் வெளிப் படியில் ஏறி வந்துவிடலாம் என்பதால் அதையே ஆபீஸாக வைத்திருந்தார். பகலெல்லாம் கூரை காயும். பொழுது சாய்ந்த பிறகு கோட்டை மலையின் பாறைகள் தங்கள் பங்குக்கு அனலை விடும். ஒரு வீட்டின் படத்தை வெளிச்சம், நிழல், டைல்ஸ் பளபளப்போடு முடித்துக் கொடுக்க கம்ப்யூட்டர் நெடுநேரம் மூச்சுப் பிடித்து ஓட வேண்டும். அவருடையது பாதியில் அணைந்துவிடும். அதோடு வாழப் பழகியிருந்தார், எழிலன் ஊருக்கு வரும் வரைக்கும்.

எழிலன் வேறு யாரும் இல்லை, அவர் மனைவி மங்கையின் தம்பி. சென்னையில் ஒரு கட்டடக் கம்பெனிக்கு, இன்னும் கட்டாத வீட்டுக்குள் நடந்து போவது போல ஓடும் படங்களைச் செய்து கொடுத்துக்கொண்டிருந்தான். அந்த வேலையை வீட்டிலிருந்தே செய்யலாம் என்று ஆனதும் சிங்கவரத்துக்கு, அப்பா வீரமணியிடமே வந்துவிட்டான். வரும்போது ஒரு கண்ணாடிப் பெட்டியும் கூட வந்தது. உள்ளே இரண்டு குழாய்கள், ஓடும் தண்ணீர், நிறம் மாறும் விளக்கு. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

பார்த்துவிட்டு வந்த மங்கைக்குப் பெருமை தாங்கவில்லை. "எந்தம்பி கம்ப்யூட்டருக்குள்ள தண்ணி ஓடுதுங்க. கலர் கலரா லைட்டு. மீன்தொட்டி மாதிரி இருக்குது" என்று சோறு போட்டுக்கொண்டே சொன்னாளாம்.

"ரெண்டு மீன் உட்டு வளக்கச் சொல்லு" என்றாராம் இவர். அதற்குமேல் சாப்பாடு இறங்கவில்லை என்று மங்கையே என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

வெறும் பெட்டிக்காக வந்த பொறாமை என்றால் நாலு நாளில் ஆறியிருக்கும். இதில் ஒரு வீடு மாட்டிக்கொண்டிருந்தது. வீரமணி தன் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வீடு கட்டப்போகிறார். அந்த வீட்டைத் தான்தான் போடப்போகிறோம் என்று பெரியதம்பி கல்யாணமான நாளிலிருந்து நம்பிக்கொண்டிருந்தார். மறுவீட்டு விருந்துக்குப் போனபோதே, மற்றவர்கள் இலைபோட்டு உட்காரும் நேரத்தில், கூடத்தின் நீள அகலத்தைக் காலடியால் அளந்து வைத்தவர். யார் யாருக்கோ போட்ட வீடுகளில் அவர் பெயர் யாருக்கும் தெரியாது. மாமனார் வீடு அப்படியில்லை. உறவுக்காரர்கள் காலாகாலத்துக்கும் வந்து போகிற வீடு, மாப்பிள்ளை போட்டது என்று சொல்லப்போகிற வீடு.

எழிலன் வந்ததும் வீரமணி பேச்சை மாற்றிவிட்டார். "புள்ளையும் ஒண்ணு போடட்டும், மாப்ளையும் ஒண்ணு போடட்டும். சித்திரையில பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். நியாயமான பேச்சுதான். ஆனால் பெரியதம்பிக்கு யாரோ தன் தட்டிலிருந்து சோற்றை அள்ளிக்கொண்டது போல இருந்தது. அந்தச் சூட்டோடுதான் என் கடைக்கு வந்து தண்ணியா காத்தா என்று கேட்டார்.

அந்த வாரமே எழிலன் எனக்கு போன் செய்தான். "அக்கா, தண்ணி கூலிங் இருந்தும் சிஸ்டம் ஹீட்டாகி நின்னு நின்னு போவுது. கம்பெனிக்காரன் திட்டறான். ஒருவாட்டி வந்து பாக்கறீங்களா?"

இதைப் பெரியதம்பியிடம் சொன்னேன். அவர் முகத்தில் விளக்குப் போட்டது போல ஒரு வெளிச்சம். "அப்படியா? பாவம்" என்றார். பாவம் என்ற வார்த்தையை அவ்வளவு சந்தோஷமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. "நானும் வர்றேன்க்கா, மாமனார் வூட்டுக்குப் போய் நாளாச்சு" என்று இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பிவிட்டார். சிங்கவரம் போகும் வழி முழுக்க என் ஸ்கூட்டிக்கு முன்னால் அவர் வண்டி பறந்தது.

எழிலன் பெட்டியை வைத்திருந்தது சமையலறையை ஒட்டிய சின்ன அறையில். பிளக் பாயின்ட் அங்கேதான் இருந்ததாம். சுவருக்கு அந்தப் பக்கம் விறகடுப்பு. ரேடியேட்டருக்குப் பின்னால் கையை வைத்தேன், அனல் அடித்தது. தண்ணீர் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. பாவம், அது சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டும்? அறையை மாற்று என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பெரியதம்பி மாமனார் பக்கம் திரும்பிவிட்டார்.

"மாமா, இது அக்னி மூலை. நெருப்பு இருக்க வேண்டிய எடத்துல தண்ணி வெச்சிருக்குது. வூட்டுக்கு ஆகாது. தண்ணின்னா ஈசானி மூலையிலதான் இருக்கணும். அங்க வைக்க முடியலன்னா வூட்டுக்குள்ளயே இருக்கக்கூடாது."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாஸ்துவை ஒருநாளும் நம்பாத மனிதர் அவர். கேட்கிறவர்கள் மனம் நோகக்கூடாது என்று அடுப்பைத் தென்கிழக்கிலும் தண்ணீர்த் தொட்டியை வடகிழக்கிலும் வரைந்து கொடுப்பார். அப்புறம் என் கடைக்கு வந்து, "மூலையில இன்னாக்கா இருக்கப்போவுது, ஒட்டடைதான் இருக்கும்" என்று சிரிப்பார்.

அவர் போட்ட கணக்கு எனக்குப் பிடிபட நேரமாகவில்லை. அந்த வீட்டின் வடகிழக்கு அறையில் மல்லாட்டை மூட்டைகள், வேர்க்கடலைதான், கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. விலை ஏறும் வரை வீரமணி அதை யாரையும் தொட விடமாட்டார், மகனைக்கூட. மூட்டை நகராது, சொன்ன வார்த்தை கிழவரின் மனதை அரிக்கும், பெட்டி வந்த வழியே சென்னைக்குப் போகும். எழிலன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான்.

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். சொன்ன காரணம் பொய், சொன்ன இடம் சரி. அந்த அறைக்குத்தான் தடித்த மண்சுவர். வெளியே வேப்பமரம். மத்தியான வெயில் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்காது. அதனால்தானே மல்லாட்டையை அங்கே வைத்தார்கள். நான் சொல்ல இருந்ததும் அந்த அறையைத்தான்.

வீரமணி கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்தார், மூட்டைகளைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் மூட்டையைத் தானே புரட்டினார். "இருங்க நைனா, நான் தூக்கறேன்" என்று எழிலன் ஓடினான். மாமனார் மூட்டை தூக்கும்போது மாப்பிள்ளை வேடிக்கை பார்க்க முடியுமா? பெரியதம்பியும் முதுகைக் கொடுத்தார். இஸ்திரிச் சட்டை முழுக்கச் செம்மண் தூசி. மச்சானின் பெட்டிக்கு இடம் பண்ணிக்கொடுக்க அவர் மூட்டை சுமந்ததை என் கண்ணால் பார்த்தேன். சிரிக்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இடம் மாறிய பிறகு அந்தப் பெட்டி ஒருமுறைகூட நிற்கவில்லை. எழிலன் போனில் சொன்னதை நான் பெரியதம்பியிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது, சொல்லிவிட்டேன். அவர் எழுந்து நின்றார்.

"எனக்கும் தண்ணி கூலிங் போடு."

"வேணாம்பா. உனக்கு ஏர் கூலிங்கே தாராளம். ரூமை மாத்து, அதுதான் வைத்தியம்."

"அவனுக்கு எத்தினி ஃபேன்?"

"ரெண்டு."

"எனக்கு மூணு ஃபேன் வெச்சதா பாத்துக் குடு."

வரவழைத்துக் கொடுத்தேன். மூன்று ஃபேன் ரேடியேட்டர் அவருடைய பழைய கேபினட்டுக்குள் எந்தப் பக்கத்திலும் நுழையவில்லை. என்னைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். அவரோ கேபினட்டை வெல்டிங் பட்டறைக்குத் தூக்கிப்போய் மேல்தகட்டை அறுத்துக்கொண்டு வந்தார். ரேடியேட்டரைக் கூரைமேல் கட்டின மாதிரி வெளியே வைத்து மாட்டச் சொன்னார். மாட்டினேன். பார்க்க லக்கேஜ் ஏற்றின டவுன் பஸ் போல இருந்தது. ஓடவிட்டோம். மேலே தகரக் கூரை, கீழே மூன்று ஃபேன். அந்த அனலையே இழுத்து அந்த அனலையே விட்டன. கம்ப்யூட்டர் முன்பு நின்றது போலவே நின்றது.

விஷயம் தெரிந்த மங்கை மாடிக்கு வந்தாள். அவள் அப்பாவைப் போலவே புருஷன் சொன்னதை அப்படியே நம்பியிருந்தாள். "எங்க நைனாகிட்ட சொன்னீங்க இல்ல, தண்ணி ஈசானி மூலையிலதான் இருக்கணும்னு? கீழ நம்ம வூட்ல அங்க என் தையல் மிஷின்தான் இருக்குது. நவுத்திக்கிறேன், கொண்டாங்க."

அந்த மூலை எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு நிழல் விழுகிற, தரை சில்லென்று இருக்கிற மூலை. கொண்டுபோயிருந்தால் தண்ணீரும் வேண்டாம், மூன்று ஃபேனும் வேண்டாம், பழைய ஃபேனே போதும்.

"வாடகை வூட்டுக்கு மூலையெல்லாம் கெடையாது" என்று சொல்லிவிட்டார் பெரியதம்பி.

சித்திரை வந்தது. பெரிய திரை வேண்டும் என்று எழிலன் கேட்டதால் நானும் சிங்கவரம் போனேன். எழிலனின் படம் ஓடியது. கதவு திறக்கிறது, கூடம் வருகிறது, ஜன்னல் திரை அசைகிறது, மாடிப்படி ஏறுகிறது. மங்கை கன்னத்தில் கைவைத்துக்கொண்டு பார்த்தாள். பெரியதம்பி படத்தைப் பார்க்கவில்லை. கண்ணாடிப் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய வேலை செய்த பெட்டியிலிருந்து ஒரு சத்தம்கூட வரவில்லை. அந்தச் சத்தமில்லாமைதான் அவரைக் கொன்றது.

அவர் கொண்டு வந்தது காகிதங்கள். மாடியில் கம்ப்யூட்டர் பாதியில் அணைந்து, அவருடைய படம் சமையலறை வரைக்கும் வந்து நின்றுவிட்டது. காகிதங்களைத் தரையில் விரித்து, நாலு மூலையிலும் சொம்பு, செல்போன், சாவி என்று பாரம் வைத்து விளக்கினார். நடுநடுவே கண் அந்தப் பெட்டி பக்கம் போனது. இந்த வீடு கையை விட்டுப் போய்விட்டது என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது போல எனக்குப் பட்டது. எனக்கே கஷ்டமாக இருந்தது.

வீரமணி எழிலனின் படத்தை இன்னொரு தடவை ஓடவிடச் சொன்னார். பார்த்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"படம் சோக்கா இருக்குதுடா எழிலா. ஆனா எது எந்த மூலையில இருக்கணும்னு மாப்ளைக்குத்தான் தெரியும். உன் பொட்டியே அவரு எடம் சொன்னப்புறம்தான ஓடுது? நம்ம வூட்ட அவரே போடட்டும்."

எழிலன் முகம் சுருங்கும் என்று பார்த்தேன். அவன் சிரித்தான். "நானே சொல்லலாம்னுதான் இருந்தேன் நைனா. அன்னிக்கு மட்டும் மாமா அந்த எடத்தைச் சொல்லலன்னா என் வேலையே போயிருக்கும். ஒண்ணே ஒண்ணு மாமா, புது வூட்லயும் அந்த ஈசானி ரூமை எனக்குக் குடுத்துடுங்க."

ஜெயித்தவர் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. பொறாமையில் சொன்ன பொய்க்கு மரியாதை கிடைத்துவிட்டது. இவ்வளவு வருஷத் தொழிலுக்காக அந்த வீடு கிடைக்கவில்லை. நம்பாத மூலைக்காகக் கிடைத்தது. வேண்டாம் என்று சொல்ல மனம் வராது, சந்தோஷப்படவும் வழியில்லை. "சரி மாமா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காகிதங்களைச் சுருட்டினார்.

மறு வாரம் கேபினட்டோடு வந்தார். "இதைக் கழட்டிடுக்கா. காத்தே போட்டுடு" என்றார். பிராசசர் மேல் நல்ல ஏர் கூலராக ஒன்று மாட்டினேன். அறுத்த மேல்தகட்டின் மீது வலை அடித்துக் கொடுத்தேன். வேலை முடியும் வரை பக்கத்தில் உட்கார்ந்து மாமனார் வீட்டு பிளானைக் காட்டினார். நன்றாக இருந்தது, மறுக்க முடியாது. வடகிழக்கு அறைக்கு வந்ததும் எனக்குச் சந்தேகம்.

"இன்னாப்பா, எழிலன் ரூமுக்கு ஜன்னல் புறாக்கூண்டு மாதிரி இருக்குது?"

தாளை மடித்துவிட்டார். அடுத்த முறை கொண்டு வந்தபோது அதே அறையில் கிழக்கே ஒன்றும் வடக்கே ஒன்றுமாக இரண்டு பெரிய ஜன்னல்கள் இருந்தன. நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"சின்னதா வெச்சா அசிங்கமா இருக்குதுக்கா" என்றார் எரிச்சலோடு. "எம்பேரு போட்டுக் குடுக்கற பிளான்."

வீரமணிக்கு மாப்பிள்ளை போட்ட வீடும் படமாக ஓட வேண்டும் என்று ஆசை. ஏர் கூலிங்கும் அந்தத் தகரக் கூரைக்குக் கீழே பாதி வரைக்கும்தான் தாக்குப்பிடித்தது. "எங்கிட்ட கொண்டாங்க மாமா, ஓடவெச்சுக் குடுக்கறேன்" என்றான் எழிலன். வேறு வழியில்லாமல் பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சிங்கவரம் போய் வந்தார். திரும்பும் வழியில் என் கடையில் உட்கார்ந்தார்.

"அந்த ரூம்ல உக்காந்தா தூக்கமே வருதுக்கா. அவ்ளோ ஜில்லுனு இருக்குது. பொட்டி மேல கைய வெச்சுப் பாத்தேன், சூடே இல்ல. அவனுக்கு மட்டும் எப்படித்தான் எல்லாம் அமையுதோ."

என்னால் பொறுக்க முடியவில்லை. "உன் வூட்லயும் அதே மூலை இருக்குது. மங்கை தையல் மிஷினை நவுத்தறேன்னு சொல்லிக்கினே இருக்குறா. பொட்டியக் கீழ கொண்டாந்து வையேம்பா."

"அவன் வந்து பாத்தா இன்னா நெனைப்பான்? என்னைப் பாத்துதான் மாமா வெச்சிருக்காருன்னு நெனைப்பான்."

"அந்த எடத்தை அவனுக்குச் சொன்னதே நீதானப்பா."

பெரியதம்பி எழுந்தார். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அந்தக் கோடை முழுக்கத் தகரக் கூரைக்குக் கீழே, மணிக்கட்டில் பழையபடி துண்டைச் சுற்றிக்கொண்டு, மச்சானின் குளிர்ந்த அறையை வரைந்து முடித்தார்.